எண்ணெயின் மூப்பை அறியும் வழி

நெல்லிக்குப்பம் என்றதும் கரும்பு நினைவுக்கு வருவது இயல்பு. 1842ஆம் ஆண்டிலேயே சர்க்கரை உற்பத்தி தொடங்கிய ஊர் அது. அரவைப் பருவத்தில் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆலையை நோக்கிச் சென்றவண்ணம் இருக்கும். வெட்டிய கரும்பை 24 மணி நேரத்திற்குள் அரைத்துவிடுதல் நலம். தாமதமானால் எடையும் குறையும், சாற்றில் உள்ள சர்க்கரையும் சிதையும் என்பதைக் கரும்பு பயிரிடுவோர் யாவரும் அறிவர். வழியில் டிராக்டர் நின்றாலும், ஆலையில் அரவை உருளை நின்றாலும், வயலில் நீர் இறைக்கும் மோட்டார் நின்றாலும், முடிவில் இழப்பு உழவரையே வந்து சேர்கிறது.

இயந்திரங்கள் பழுதாகி நிற்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முன்கூட்டியே அறிந்து தவிர்க்கக் கூடிய காரணம் ஒன்று உண்டு. இயந்திரத்தினுள் இருக்கும் எண்ணெய் கெட்டுப்போவதே அது. எண்ணெய் ஒரே நாளில் கெடுவதில்லை, படிப்படியாக மூப்படைகிறது. அம்மூப்பின் அடையாளங்களை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்டு சொல்லும் சிறு கருவிகள் இப்போது வழக்கத்திற்கு வந்துள்ளன. அவற்றை உணரிகள் என்கிறோம். பேச்சு வழக்கில் சென்சார் என்பர். அவை எவற்றை அறிகின்றன, எவ்வாறு அறிகின்றன, அவற்றிலிருந்து நம் கிராமங்கள் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நெய்வேலி முதல் நம் வயல் வரை

நெல்லிக்குப்பத்திற்குத் தென்மேற்கே, அதே கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி அமைந்துள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அங்குப் பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பெற்றது. 1957ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் அன்றைய பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962ஆம் ஆண்டு முதல் மின்சாரமும் கிடைக்கலாயிற்று. மேல்மண்ணை அகற்றவும் நிலக்கரியை வெட்டவும், பெரிய சக்கரத்தின் விளிம்பில் வாளிகள் பொருத்திய மாபெரும் இயந்திரங்கள் அங்கே இயங்குகின்றன. வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் நீண்ட பட்டைகள் சுமந்து செல்கின்றன. இவை யாவற்றையும் சுழற்றுபவை எண்ணெயில் மூழ்கிய பற்சக்கரங்கள்.

நெய்வேலியின் பற்சக்கரப் பெட்டி எங்கே, நம் ஊர் டிராக்டர் எங்கே என்று எண்ண வேண்டாம். அளவில்தான் வேறுபாடு. இரும்போடு இரும்பு உராயாதபடி நடுவில் நிற்கும் எண்ணெய்ப் படலம் இரண்டிலும் ஒன்றே. அப்படலத்தின் கனம் பல இடங்களில் ஒரு மைக்ரான் முதல் சில மைக்ரான் வரைதான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதரின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் பருமன் உள்ளது. இத்துணை மெல்லிய படலத்தை நம்பியே எஞ்சினும், பேரிங்கும், பற்சக்கரமும் உயிர் வாழ்கின்றன.

எண்ணெய் மூப்படைவது ஏன்?

எண்ணெய்க்கு மூன்று பகைவர் உண்டு. அவை வெப்பம், நீர், தூசி.

முதலாவது வெப்பம். சூடான எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து மாற்றமடைகிறது. இதனால் அமிலம் தோன்றுகிறது; பிசின் போன்ற கசடு படிகிறது; எண்ணெய் தடித்துப் போகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் இம்மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகிறது என்பது பொறியியலார் கைக்கொள்ளும் பொதுவிதி. எனவே, 60 பாகையில் வேலை செய்யும் எண்ணெய் 80 பாகையில் வேலை செய்ய நேர்ந்தால் அதன் ஆயுள் சுமார் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒரே நாளில் ஊற்றிய ஒரே எண்ணெய், ஓர் இயந்திரத்தில் இளமையோடும் மற்றொன்றில் முதுமையோடும் இருப்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது நீர். சூடான எண்ணெய் சிறிது நீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். இரவில் எண்ணெய் குளிர்ந்ததும் அந்நீர் துளிகளாகப் பிரிந்து அடியில் இறங்கும். அது இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெயில் சேர்த்துள்ள காப்பு மருந்துகளையும் வீணாக்கும். நெல் வயலில் சேற்றுழவு செய்யும்போது, தேய்ந்த சீல்களின் வழியே டிராக்டரின் பின்பகுதிப் பெட்டியில் நீர் புகுவது உண்டு. கரும்பாலைகளில் சாற்றுத் துளியும், கழுவும் நீரும், சக்கைத் தூசியும் பேரிங்குகளைத் தேடி வருவது இயல்பு.

மூன்றாவது தூசி. நம் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகள் ஏறக்குறைய 40 மைக்ரான் அளவுள்ளது. ஆனால் மிகுந்த தேய்மானத்தை விளைவிப்பவை, எண்ணெய்ப் படலத்தின் கனத்திற்கு நிகரான சில மைக்ரான் துகள்களே. கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றும் எண்ணெயும் இயந்திரத்தை அரித்துக்கொண்டிருக்கலாம் என்பதை இதனால் உணரலாம்.

உணரிகள் அறியும் விதம்

எண்ணெயைச் சோதித்து இயந்திரத்தின் நிலையை அறியும் முறை புதியதன்று. 1940களின் நடுவிலேயே அமெரிக்காவின் டென்வர், ரியோ கிராண்டே மேற்கு ரயில்வே தன் டீசல் எஞ்சின்களின் எண்ணெயில் கலந்துள்ள உலோகங்களை நிறமாலைக் கருவியால் அளந்து, வரவிருக்கும் பழுதை முன்னரே கண்டறிந்தது. இந்திய ரயில்வேயின் டீசல் பணிமனைகளிலும் இம்முறை வழக்கத்திற்கு வந்தது. எண்ணெயில் செம்பு மிகுந்தால் புஷ், பேரிங் போன்றவை தேய்கின்றன என்றும், சிலிக்கன் மிகுந்தால் காற்று வடிகட்டியின் வழியே புழுதி புகுகிறது என்றும் பொருள் கொள்வர்.

ஆய்வுக்கூடச் சோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பி, முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இயந்திரம் பழுதாகிவிடக் கூடும். உணரியோ எண்ணெய்க் குழாயிலேயே பொருத்தப்பட்டு, நிமிடந்தோறும் அளந்து சொல்கிறது. இன்று வழங்கும் உணரிகளுள் முக்கியமானவை நான்கு வகை.

(1) மின் இயல்பை அளப்பவை. இரு உலோகத் தகடுகளுக்கு இடையே எண்ணெய் நிற்கும்போது அது ஒரு மின்தேக்கியாகிறது. தூய கனிம எண்ணெயின் மின்கடத்தாப் பொருள் மாறிலி சுமார் 2.2, நீருக்கு அது சுமார் 80. ஆகவே நூற்றுக்கு ஒரு பங்கு நீர் துளித்துளியாகக் கலந்தாலே அளவு சுமார் 3 விழுக்காடு உயர்ந்துவிடும். எண்ணெய் முதிர்ந்து அமிலங்கள் தோன்றும்போதும் இவ்வளவு மெல்ல மெல்ல ஏறும். விரைவான ஏற்றம் நீரையும், மெதுவான ஏற்றம் மூப்பையும் குறிக்கும் என்று கொள்ளலாம்.

(2) பாகுநிலையை அளப்பவை. சிறிய இசைக்கவை ஒன்று எண்ணெயில் மூழ்கி அதிர்கிறது. எண்ணெய் தடித்தால் அதிர்வு விரைவில் தணியும், இளகினால் நீடிக்கும். எஞ்சின் எண்ணெய் தடிப்பது கரியும் வெப்ப மூப்பும் மிகுந்ததைக் காட்டும். இளகுவது டீசல் கசிந்து கலந்ததைக் காட்டும்.

(3) ஈரத்தை அளப்பவை. மழைக்காலத்தில் உப்பு ஈரம் ஏற்பதைப் போல், இவ்வுணரியில் உள்ள மெல்லிய படலம் எண்ணெயில் கரைந்துள்ள நீரை ஏற்கிறது. எண்ணெய் தாங்கக் கூடிய நீரில் நூற்றுக்கு எத்தனை பங்கு நிரம்பியுள்ளது என்பதைக் கருவி காட்டும். அளவு நூறை எட்டுமுன் எச்சரிக்கை கிடைப்பதால், நீர் துளியாகப் பிரியுமுன்னே அதனை நீக்கிவிடலாம்.

(4) துகளை எண்ணுபவை. எண்ணெய் ஓடும் சிறு குழாயின் ஒருபுறம் ஒளியும் மறுபுறம் ஒளியை அறியும் கருவியும் இருக்கும். துகள் ஒவ்வொன்றும் கடக்கும்போது அதன் நிழல் கணக்கில் ஏறும். உலக அளவில் ஏற்கப்பட்ட ஐ.எஸ்.ஓ. 4406 என்னும் முறைப்படி 4, 6, 14 மைக்ரான் அளவுகளுக்கு மேற்பட்ட துகள்கள் மூன்று எண்களால் குறிக்கப்படும். எடுத்துக்காட்டாக, முதலெண் 18 என்றால் ஒரு மில்லிலிட்டரில் 4 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் 1,300 முதல் 2,500 வரை உள்ளன என்பது பொருள். எண் ஒன்று கூடினால் துகள்கள் இருமடங்காயின எனக் கொள்ள வேண்டும். வேறொரு வகையில், கம்பிச்சுருளின் காந்தப் புலத்தைக் கடக்கும் உலோகத் துணுக்குகள் மட்டும் எண்ணப்படும். பற்சக்கரத்தின் பல் உதிரத் தொடங்கியதை இது முதலில் காட்டிக் கொடுக்கும்.

உணரியின் எல்லை

உணரி சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வதும் தவறாகும். எண்ணெயில் காற்றுக் குமிழிகள் இருப்பின், ஒளியால் எண்ணும் கருவி அவற்றையும் துகளாகக் கணக்கிடும். சூடு ஏறினால் அளவுகள் மாறும். ஆகவே வெப்பநிலையையும் உடன் அளக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் எண்ணெயை ஊற்றினால் மாறிலியும் வேறாகும். குறைந்த எண்ணெய்க்கு ஈடாகப் புதிய எண்ணெய் சேர்த்தால், உள்ளிருக்கும் பழுது தற்காலிகமாக மறைந்துபோகும்.

ஆகையால் உணரியைப் பயன்படுத்துவோர் இரண்டு நெறிகளைக் கடைப்பிடிக்கின்றனர். புதிய எண்ணெய் ஊற்றிய அன்றே முதல் அளவைப் பதிந்து வைப்பது ஒன்று. பிறகு எப்போது, எவ்வளவு எண்ணெய் சேர்த்தாலும் அதனை ஏட்டில் எழுதுவது மற்றொன்று. முதல் அளவு தெரியாதவர்க்கு இன்றைய அளவு எதையும் சொல்லாது.

டிராக்டர் எஞ்சினுக்கு உணரி வாங்க வேண்டுமோ என்று சிலர் கேட்கலாம். வேண்டுவதில்லை. அதில் உள்ள எண்ணெய் சில லிட்டர்களே. உரிய காலத்தில் மாற்றிவிடுவது மலிவு. நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய் கொண்ட இயந்திரத்திற்கும், ஒரு மணி நேரம் நின்றாலே பெருநட்டம் விளையும் ஆலைக்கும் உணரி பொருந்தும். கிராமத்திற்கு வேண்டுவது உணரி கற்பிக்கும் ஒழுங்கு.

ஊர் மின்மாற்றியின் எண்ணெய்

எல்லோருக்கும் பொதுவான எண்ணெய் ஒன்று ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. அது மின்மாற்றியில், அதாவது டிரான்ஸ்பார்மரில் உள்ள எண்ணெய். மின்சாரம் தாவாமல் தடுப்பதும், கம்பிச்சுருளின் சூட்டை வெளியே கொண்டு வருவதும் அதன் கடமைகள். இரு மின்முனைகளை 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து அதன் வலிமையைச் சோதிப்பர். புதிய எண்ணெய் குறைந்தது 30 கிலோவோல்ட் அழுத்தத்தையாவது தாங்க வேண்டும். ஈரம் புகுந்தால் இவ்வலிமை விரைவாக வீழ்கிறது. அத்துடன் கம்பிச்சுருளின் மேல் சுற்றிய காகிதமும் நொய்ந்து போகிறது. எண்ணெயை மாற்றலாம், நொய்ந்த காகிதத்தை மாற்ற இயலாது.

துணை மின் நிலையங்களில் உள்ள பெரிய மின்மாற்றிகளில் எண்ணெயில் கரைந்த வாயுக்களை உணரிகள் அளக்கின்றன. உள்ளே எண்ணெய் அளவுமீறிச் சூடானால் எத்திலீனும், மின்பொறி பறந்தால் அசிட்டிலீனும், காகிதம் கருகினால் கார்பன் மோனாக்சைடும் மிகும். ஹைட்ரஜன் பெரும்பாலான பழுதுகளில் முதலில் தலைகாட்டும். 1921ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் புக்ஹோல்ட்ஸ் கண்டுபிடித்த வாயுக் காவற்கருவி இவ்வழியில் முன்னோடி எனலாம்.

ஊர்ப்புறச் சிறு மின்மாற்றிக்கு இத்தகைய கருவிகள் இல்லை. அங்கே ஊராரின் கண்ணே உணரி. வேலிக்கு வெளியே நின்றபடியே சில அடையாளங்களைக் காணலாம். தொட்டியின் அடியிலோ தரையிலோ எண்ணெய்க் கசிவு தெரிகிறதா? எண்ணெய் மட்டத்தைக் காட்டும் கண்ணாடியில் மட்டம் இறங்கியுள்ளதா? பிரீதர் எனப்படும் மூச்சுக்குடுவையில் உள்ள சிலிக்கா மணிகளின் நிறம் மாறியுள்ளதா? நீலம் இளஞ்சிவப்பாக மாறினாலும், ஆரஞ்சு பச்சையாக மாறினாலும் அவை ஈரத்தால் நிறைந்துவிட்டன என்பது பொருள். இவற்றுள் எதைக் கண்டாலும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்கோ, 2021ஆம் ஆண்டில் தொடங்கிய மின்னகம் சேவை மையத்திற்கோ தெரிவிக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் மின்மாற்றியைத் தொடவோ திறக்கவோ கூடாது. அது உயிருக்கு உலை வைக்கும் செயல்.

இங்கே உழவர் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அனுமதி பெற்ற குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டாரை ஒருவர் பொருத்தினால், அச்சுமை மின்மாற்றியின் மேல் ஏறுகிறது, எண்ணெய் சூடாகிறது. பத்துப் பாகை சூடு கூடினால் மூப்பு இருமடங்காகும் என்று மேலே கண்டோம். பலரும் இவ்வாறு செய்தால், நெடுங்காலம் உழைக்க வேண்டிய மின்மாற்றி சில ஆண்டுகளிலேயே எரிந்துபோகும். அது எரியும் நாள் பெரும்பாலும் கோடையின் உச்சமாகவே இருக்கும். கூடுதலாக இழுத்தவர் வயலோடு, அளவாக இழுத்தவர் வயலும் காயும்.

நம் கையில் உள்ள சோதனைகள்

டிராக்டர், டீசல் எஞ்சின், ஜெனரேட்டர் ஆகியவற்றுக்குச் செலவில்லாத சில சோதனைகள் உண்டு.

அளவு. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். மட்டம் குறைவது கவலை தருவதே. எண்ணெய் ஊற்றாமலே மட்டம் உயர்வது அதனினும் கவலைக்குரியது; டீசலோ நீரோ கலந்துவிட்டது என்பதன் அறிகுறி அது.

நிறம். டீசல் எஞ்சினில் ஊற்றிய எண்ணெய் விரைவிலேயே கறுத்துவிடும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டாம். கரியைப் படியவிடாமல் தாங்கிக்கொண்டிருப்பதால் வரும் கறுப்பு அது. பால் கலந்த தேநீர் போன்ற நிறமே அபாயக் குறி. அது நீர் கலந்ததைக் காட்டும்.

மைத்தாள் சோதனை. சூடான எண்ணெயில் ஒரு துளியை மை உறிஞ்சும் தாளில் விட்டுச் சில மணி நேரம் பொறுத்துப் பார்க்கவும். நடுவிலிருந்து ஓரம் வரை கறை படிப்படியாக வெளிறினால் எண்ணெய் இன்னும் உழைக்கும். நடுவில் கரும்புள்ளி இறுகி நின்று, அதன் விளிம்பு கோடு கிழித்தாற்போல் இருப்பின், கரியைத் தாங்கும் ஆற்றல் தீர்ந்துவிட்டது. வெளிவட்டம் வெளிறிப் பெரிதாகப் பரவினால் டீசல் கலப்பை ஐயுற வேண்டும்.

சூட்டுத் தகடு. சுத்தமான இரும்புத் தகட்டை அடுப்பில் காய்ச்சி, அடுப்பை விட்டு அப்பால் எடுத்து வைத்து, ஒரு துளி எண்ணெயை அதன் மேல் விடவும். சடசடவென்று வெடித்தால் நீர் உள்ளது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளவும்.

வடிகால் திருகு. எண்ணெய் மாற்றும்போது, காந்தம் பொருத்திய திருகில் மெல்லிய கருஞ்சாந்து ஒட்டியிருப்பது இயல்பு. தகடு தகடாக மின்னும் துணுக்குகள் இருப்பின் உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். எஞ்சின் சீஸ் ஆன பிறகு காட்டுவதால் பயனில்லை.

புதிய எண்ணெயையும் காக்க வேண்டும். பீப்பாயை மழையில் நிமிர்த்தி வைத்தால் மேல்மூடியில் தேங்கும் நீரை, பகலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் அது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கூரையின்கீழ் வைத்தல் நலம். இயலாதபோது, இரு மூடிகளும் ஒரே மட்டத்தில் எண்ணெயில் மூழ்கியிருக்குமாறு படுக்க வைக்கலாம்.

இச்சோதனைகள் இயந்திரத்துடன் வரும் கையேட்டிற்கு மாற்றாக மாட்டா. கையேடு கூறும் மணிக்கணக்கில் எண்ணெயை மாற்றியே தீர வேண்டும். அக்கெடுவுக்கு முன்னரே எண்ணெய் கெட்டுவிட்டதா என்பதை அறியவே இவை உதவும்.

கழிவு எண்ணெய்

வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றுவதும், கரையானுக்கென்று கம்பங்களில் பூசுவதும் பல ஊர்களில் காணும் வழக்கம். அதில் உலோகத் துகள்களும், தோலுக்குக் கேடு விளைக்கும் கரிப்பொருள்களும் உள்ளன. மண்ணில் ஊற்றியது மழையோடு கிணற்றை அடையும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அபாயகரக் கழிவாகும். உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே சேர வேண்டும். மூடியிட்ட கேனில் சேர்த்து, எண்ணெய் மாற்றும் பணிமனை வழியாக ஒப்படைக்கலாம்.

ஊராட்சி செய்யக் கூடியவை

ஊராட்சிக்குச் சொந்தமான குடிநீர் மோட்டார், டிராக்டர், ஜெனரேட்டர் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் ஏடு ஒன்று வைக்கலாம். எண்ணெய் ஊற்றிய நாள், எண்ணெயின் பெயர், ஓடிய மணி, சேர்த்த அளவு, கண்ட நிறம் ஆகியவற்றை அதில் எழுதி, மாதம் ஒருமுறை எடுத்த மைத்தாளையும் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். எஞ்சினுக்குரிய தாள்கள் ஆறு சேர்ந்ததும், அதன் எண்ணெய் எவ்வளவு விரைவில் மூப்படைகிறது என்பது படிக்கத் தெரியாதவர்க்கும் விளங்கும்.

மின்மாற்றியைப் பார்த்து வரும் பொறுப்பை வார்டு உறுப்பினர் ஒருவர் ஏற்கலாம். கூடுதல் குதிரைத்திறன் பற்றிய பேச்சை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒளிவுமறைவின்றி எடுக்கலாம். கழிவு எண்ணெய் சேர்க்க ஒரு பொது இடத்தையும் குறிக்கலாம். இவற்றுக்கு நிதி ஒதுக்கீடு வேண்டுவதில்லை. ஓர் ஏடும், சில தாள்களும், தவறாத கவனமும் போதும். அடுத்த அரவைப் பருவம் தொடங்குமுன் அவ்வேட்டின் முதற் பக்கம் எழுதப்படுமாயின், வெட்டிய கரும்பு வழியில் வாடுவதும், விதைத்த வயல் நீரின்றிக் காய்வதும் அந்த அளவுக்குக் குறையும்.